‘எதில் கால்?’: பின்னமும் தசமமும் சறுக்கும் இடங்கள், அறிகுறி வாரியாக

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரத்தில் என் வீட்டுத் திண்ணையில் மாலை நேரத்தில் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் உட்காருகிறார்கள். பள்ளியில் பின்னம் தொடங்கும் மாதத்தில் பெற்றோர் கொண்டுவரும் புகார் ஒன்றுதான்: "கணக்கு வரவில்லை, சார்." பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்து "வண்டி ஓடவில்லை" என்று சொல்வதைப் போன்ற புகார் அது. பெட்ரோல் இருக்கிறதா, பிளக்கில் கரி பிடித்திருக்கிறதா என்று பார்க்காமல் நேரே என்ஜினைக் கழற்றும் மெக்கானிக்கிடம் யாரும் வண்டியை விடமாட்டார்கள். கணக்கில் மட்டும் அதைத்தான் செய்கிறோம். ஒரு தவறு கண்ணில் பட்டதும் பாடத்தை முதல் பக்கத்திலிருந்து மறுபடி நடத்துகிறோம். பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்ததெல்லாம் இரண்டாம் முறை அலுத்துப்போகிறது. தெரியாத அந்த ஒன்று அப்படியே கிடக்கிறது.

இங்கே செலவு என்பது பணம் அல்ல, நேரம். அரை நிமிடத்தில் தீரக்கூடியதை முதலிலும், ஒரு வாரம் பிடிப்பதைப் பிறகும் எழுதியிருக்கிறேன். வேண்டியவை: கட்டம் போட்ட நோட்டு, ஒரு பேனா. பென்சில் வேண்டாம், அழித்த தவறு யாருக்கும் பயன்படாது. தவறைப் பார்த்தவுடன் திருத்தவும் வேண்டாம். "இது எப்படி வந்தது, மக்களே?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருங்கள். கடினமான பகுதி அதுதான்.

அறிகுறி: "கூட்ட வேண்டுமா, கழிக்க வேண்டுமா, சார்?"

கணக்கைப் படித்த அடுத்த நொடியே இந்தக் கேள்வி வந்தால், பின்னத்தைத் தொடாதீர்கள். கணக்கில் உள்ள பின்னங்களை எடுத்துவிட்டு முழு எண்களைப் போடுங்கள். "3 லிட்டர் தேங்காய் எண்ணெயில் 3/4 லிட்டர் செலவானது, மிச்சம் எவ்வளவு?" என்பது "30 லிட்டரில் 7 லிட்டர் செலவானது" என்று மாறட்டும்.

*இப்போது சரியாகச் செய்தால்:* கதை புரிகிறது, பின்னத்தைக் கண்டுதான் பயம். கீழே உள்ள அறிகுறிகளுக்குப் போங்கள்.

*இப்போதும் திணறினால்:* சிக்கல் வாசிப்பில் இருக்கிறது. எண்களைச் சொல்லாமல் கதையை மட்டும் சொல்லச் சொல்லுங்கள். விளவங்கோடு, கல்குளம் பக்கத்தில் வீட்டில் மலையாளம் பேசும் பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்கு ‘மிச்சம்’ தெரியும். ‘எஞ்சியது’ என்றால் விழிப்பார்கள். ஒரு சொல்லை மாற்றிச் சொன்னதும் விடை சொன்ன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அதைக் கணக்குத் தெரியாத பிள்ளை என்று எழுதிவிடுவது அநியாயம்.

*கதையைச் சொல்கிறது, ஆனாலும் தவறான செய்கையைத் தேர்ந்தெடுக்கிறது என்றால்:* சொல்லைப் பிடித்துத் தொங்குகிறது. ‘மிச்சம்’ என்றால் கழித்தல், ‘மொத்தம்’ என்றால் கூட்டல் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். சோதனைக்கு இதைக் கொடுங்கள்: "புட்டியிலிருந்து கால் லிட்டர் எண்ணெய் எடுத்த பிறகு மிச்சம் அரை லிட்டர். முதலில் எவ்வளவு இருந்தது?" முக்கால் என்று வர வேண்டும். கால் என்று வந்தால் குறுக்குவழிதான் குற்றவாளி. இப்படி ஏமாற்றும் கணக்குகளை நாளைக்கு இரண்டு வீதம் ஒரு வாரம் கொடுங்கள்.

அறிகுறி: முக்காலை 4/3 என்று எழுதுகிறது

இதில் பாதிப் பழி நம் மொழியின் மேல். "நான்கில் மூன்று" என்று சொல்லும்போது நான்கு முன்னால் வருகிறது. எழுதும்போது மூன்று மேலே போகிறது. பள்ளியில் "மூன்று பை நான்கு" என்றும் வாசிக்கிறார்கள். இரண்டையும் மாறிமாறிக் கேட்கும் காது குழம்பாமல் என்ன செய்யும்? முதலில் கோடு, பிறகு கோட்டுக்குக் கீழே நான்கு, கடைசியாக மேலே மூன்று என்று காதில் விழும் வரிசையிலேயே எழுதப் பழக்குங்கள். இரண்டு நாளில் நின்றுவிடும். நிற்காமல், 12-ஐ 21 என்றும் 6-ஐ 9 என்றும் சேர்ந்து எழுதினால் கடைசிப் பகுதியைப் பாருங்கள்.

அறிகுறி: 1/2 + 1/4 = 2/6

மேலே உள்ளதை மேலே உள்ளதோடு, கீழே உள்ளதைக் கீழே உள்ளதோடு கூட்டுகிறது. எல்லா ஊரிலும் நடக்கும் தவறு.

*முதல் சோதனை:* நோட்டை மூடச் சொல்லிவிட்டு, "அரை கிலோ சாளை மீனும் கால் கிலோ சாளை மீனும் சேர்ந்தால்?" என்று கேளுங்கள். பெரும்பாலும் "முக்கால்" என்று பட்டென வரும். வாய்க்குத் தெரிகிறது, கைக்குத் தெரியவில்லை. புதிதாகக் கற்பிக்க ஒன்றுமில்லை. அரை, 1/2, 2/4 மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுத வைத்து, கைக்கும் வாய்க்கும் அறிமுகம் செய்து வைத்தால் போதும்.

*"முக்கால்" வரவில்லை என்றால்:* குழல் புட்டு அவியுங்கள். தேங்காய்ப்பூ இடையிடையே வைத்து நான்கு பங்காக அவித்த புட்டு, பாடப்புத்தகத்து வட்டத்தைவிட நல்ல படம். வட்டத்தை ஐந்தாக வெட்ட எனக்கே வராது. புட்டு நீளவாக்கில் கிடக்கிறது. பாதியை ஒரு தட்டிலும் ஒரு பங்கை இன்னொரு தட்டிலும் வையுங்கள். வீட்டுப் புட்டில் கடைசித் துண்டு எப்போதும் குட்டையாகவே இருக்கும். "இது கால் இல்லை, சார், குறைவு" என்று பிள்ளை சண்டைக்கு வந்தால் சமமான பங்கு என்ற பாடம் முடிந்தது.

*இரண்டும் தெரிந்தும் 2/6 வந்துகொண்டே இருந்தால்:* நாமே கற்றுக்கொடுத்த தவறாக இருக்கலாம். ஒருமுறை ஒரு சிறுமி தன் தேர்வுத் தாளைக் காட்டினாள். முதல் பகுதியில் 8/10, இரண்டாம் பகுதியில் 7/10, மொத்தம் 15/20. "நீங்கள் மட்டும் கீழேயும் கூட்டலாமா, சார்?" என்றாள். எனக்குச் சட்டென விடை வரவில்லை. மறுநாள்தான் சொன்னேன்: மதிப்பெண்ணில் இரண்டாவது பத்து வேறு ஒரு பத்து, முழு அளவே பத்திலிருந்து இருபதாக வளர்ந்துவிடுகிறது. சாளையில் கிலோ அப்படியே ஒரு கிலோவாக நிற்கிறது. முழு அளவு மாறாமல் இருக்கும்போதுதான் நாம் கற்றுக்கொடுக்கும் கூட்டல் செல்லும். மேலே கீழே சேர்த்துக் கூட்டும் பிள்ளையிடம் அதன் தேர்வுத் தாளைக் காட்டி இந்த வேறுபாட்டைப் பேசிவிடுங்கள். மீச்சிறு பொது மடங்கு (மீ.பொ.ம.) எல்லாம் அதற்குப் பிறகு.

சீக்கிரம் முடித்துவிட்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு: பழைய தமிழ் அளவில் மா என்பது 1/20, காணி என்பது 1/80. இரண்டையும் சேர்த்தால் ‘மாகாணி’. மாகாணி எவ்வளவு என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். 4/80-உம் 1/80-உம் சேர்ந்து 5/80, அதாவது 1/16. சொல்லுக்குள்ளேயே ஒரு வேற்றினப் பின்னக் கூட்டல், அதாவது கீழெண் வேறுபடும் பின்னங்களின் கூட்டல், உட்கார்ந்திருக்கிறது. முந்திரி 1/320. அதைச் சொன்னால் முந்திரிக்கொத்து கேட்பார்கள், தயாராக இருங்கள்.

அறிகுறி: 1/4-ஐவிட 1/8 பெரியது என்கிறது

எட்டு நான்கைவிடப் பெரியது, அவ்வளவுதான் காரணம். 1/8-ஐ ‘அரைக்கால்’ என்று சொல்லிக்கொடுங்கள். காலில் அரை. பெயரிலேயே அது காலைவிடச் சிறியது என்று இருக்கிறது. ஒரே நாளில் தீரும்.

ஆனால் தீர்ந்த மறுநாள் 3/4-ஐவிட 7/8 சிறியது என்று வந்து நிற்கும், மருந்து அதிகமானது போல. முழுமைக்கு எவ்வளவு குறைகிறது என்று கேளுங்கள். ஒன்றில் அரைக்கால் குறைகிறது, மற்றதில் கால் குறைகிறது.

அறிகுறி: செய்கை சரி, கூட்டல் கழித்தல் சரி, விடை மட்டும் தவறு

என் திண்ணையில் அதிக நேரம் தின்னும் பழுது இதுதான். ஒரு கணக்கு:

"தோவாளைச் சந்தையிலிருந்து ஒரு பூக்கடைக்காரர் 12 கிலோ பிச்சிப்பூ வாங்கினார். காலையில் மூன்றில் ஒரு பங்கு விற்றது. மிச்சத்தில் கால் பங்கு மதியம் விற்றது. மாலையில் எவ்வளவு இருக்கும்?"

6 கிலோ என்று வர வேண்டும். தவறு எப்படி வருகிறது என்பதை வைத்துப் பிரியுங்கள்.

*விடை 5 என்றால்:* காலையில் 4 போனது. பிறகு 12-இல் கால் என்று 3 எடுத்துவிட்டது. ‘மிச்சத்தில்’ என்ற சொல் கண்ணில் பட்டும் மனத்தில் படவில்லை. பின்னம் வரும் இடமெல்லாம் அதன் பக்கத்தில் ஒரு சிறு கட்டம் போட்டு "எதில்?" என்று எழுத வையுங்கள். மூன்றில் ஒன்று, எதில்? 12-இல். கால், எதில்? 8-இல். இந்தக் கட்டத்தை ஒரு மாதம் விடாமல் போட வைத்தேன், இப்போது நான் சொல்லாமலே "எதில்?" என்று ஒருவரையொருவர் மிரட்டிக்கொள்கிறார்கள்.

*விடை 11 2/3, 11 5/12 போன்று வினோதமாக இருந்தால்:* 12-இலிருந்து 1/3-ஐக் கழித்திருக்கிறது. ‘மூன்றில் ஒரு பங்கு’ என்பதற்கும் ‘1/3 கிலோ’ என்பதற்கும் வேறுபாடு தெரியவில்லை. சோதனை: "மரச்சீனிக் கிழங்கு 4 கிலோ இருக்கிறது. அரை எடுத்தால் மிச்சம் எவ்வளவு? அரை கிலோ எடுத்தால் மிச்சம் எவ்வளவு?" இரண்டுக்கும் ஒரே விடை சொன்னால் பழுது இங்கேதான். பின்னத்துக்குப் பின்னால் கிலோ, லிட்டர், அடி ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் அது அளவு. ஒட்டவில்லை என்றால் அது பங்கு. பால்வெட்டுக்குப் போகும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. சிரட்டையில் சேரும் ரப்பர் பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர் என்பது அவர்களுக்குத் தெரியும். பத்து லிட்டர் என்றாலும் மூன்றில் ஒன்று, இருபது லிட்டர் என்றாலும் மூன்றில் ஒன்று.

*பிள்ளை எழுதவே இல்லை, உங்களையே பார்க்கிறது என்றால்:* கணக்கை எடுத்து நீங்களே படியுங்கள். பழுது கணக்கில் இருக்கலாம். "ராணி கால் பங்கு சாப்பிட்டாள், வேணி அரைப் பங்கு சாப்பிட்டாள், மிச்சம்?" என்று நான் ஒருமுறை எழுதிவிட்டேன். வேணி சாப்பிட்டது முழுதில் அரையா, மிச்சத்தில் அரையா? எழுதிய எனக்கே தெரியவில்லை. "ஒருவர் 3/7 கிலோ சாளை வாங்கினார்" என்று எழுதியபோது மீன் விற்கும் அம்மாவின் மகள் சிரித்துவிட்டாள். அவள் அம்மா கூறு வைத்து விற்கிறார்; மிஞ்சிப்போனால் கால் கிலோ, அரை கிலோ. 3/7 கிலோவுக்கு எந்தத் தராசிலும் படிக்கல் இல்லை.

அன்றிலிருந்து பின்னத்தை அது குடியிருக்கும் இடத்திலிருந்தே எடுக்கிறேன். காலும் அரையும் தராசில் இருக்கின்றன. பன்னிரண்டில் பங்கு டஜன் மட்டி வாழைப்பழத்திலும் ஆண்டின் மாதங்களிலும் இருக்கிறது. ஏழில் பங்கு வாரத்தில் இருக்கிறது. இந்த மண்ணில் ஏழில் ஒன்று ஒரு காலத்தில் கையில் பிடிக்கும் காசாகவே இருந்தது: இந்தப் பகுதி திருவிதாங்கூர் அரசின் கீழ் இருந்தபோது, அதன் ரூபாய் ஒன்றுக்கு 7 பணம், ஒரு பணத்துக்கு 4 சக்கரம். 3/7 ரூபாய் என்றால் 12 சக்கரம். இதைச் சொன்னதும் ஒரு பையன் வீட்டில் போய்ப் பாட்டியின் பெட்டியைக் குடைந்தான் என்று கேள்விப்பட்டேன்.

அறிகுறி: 0.5-ஐவிட 0.25 பெரியது என்கிறது

ஒரு கேள்வியை வைத்து முடிவு கட்டாதீர்கள். இரண்டு ஜோடி கொடுங்கள்: 0.5-உம் 0.25-உம், 0.3-உம் 0.45-உம். ஒவ்வொன்றிலும் எது பெரியது?

*0.25, 0.45 என்று சொன்னால்:* நீளமானது பெரியது என்று நினைக்கிறது. புள்ளிக்குப் பின் இருப்பதை இருபத்தைந்து என்று வாசிக்கிறது. முதல் மருந்து வாசிப்புதான். "புள்ளி இருபத்தைந்து" வேண்டாம், "புள்ளி இரண்டு ஐந்து" என்று சொல்லச் சொல்லுங்கள். போதவில்லை என்றால் மளிகைக் கடை மின்னணுத் தராசுக்கு அழைத்துப் போங்கள். அதில் கால் கிலோ 0.250, அரை கிலோ 0.500. கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள் தராசில் தவறே செய்வதில்லை, நோட்டில் செய்கிறார்கள். தராசு எப்போதும் மூன்று இடம் காட்டுகிறது, நோட்டு காட்டுவதில்லை. 0.5-ஐத் தராசு எப்படிக் காட்டும் என்று கேட்டால் போதும்.

*0.5, 0.3 என்று சொன்னால்:* முதல் விடை சரிதான் என்று ஏமாந்துவிடாதீர்கள். இது எதிர்ப்பக்கத்துப் பழுது. நூறில் பங்கு பத்தில் பங்கைவிடச் சிறியது, ஆகவே 0.45 சிறியது என்று அரைகுறையாகப் புரிந்திருக்கிறது. புள்ளிக்கு அடுத்த எண்ணைத் தவிர மற்றதை விரலால் மறைத்து, 3-ஐயும் 4-ஐயும் மட்டும் ஒப்பிட வையுங்கள்.

பைசாவை வைத்துச் சொல்லிக்கொடுக்கலாமே என்று கேட்பார்கள். 25 பைசா நாணயம் 2011 ஜூன் 30 அன்று செல்லாமல் போனது. இன்றைய ஐந்தாம் வகுப்புப் பிள்ளை அதைக் கண்ணால் கண்டதில்லை. காணாத பைசாவை வைத்துக் காணாத தசமத்தை விளக்க நான் இப்போது முயல்வதில்லை.

*தராசில் சரி, வேறு இடத்தில் தவறு என்றால்:* போலிப் புள்ளியாக இருக்கலாம். நம்மைச் சுற்றித் தசமம் அல்லாத புள்ளிகள் நிறைய உண்டு. மணி 1.30 என்பது ஒன்றரை மணி, அதாவது 1.5 மணி நேரம். கிரிக்கெட்டில் 4.3 ஓவர் என்றால் நான்கு ஓவரும் மூன்று பந்தும், அதாவது நாலரை ஓவர். கொத்தனார் மகன் ஒருவன் 5.10 அடி 5.9 அடியைவிடப் பெரியது என்று அடித்துச் சொன்னான். அவன் அப்பாவின் அளவு நோட்டில் புள்ளிக்குப் பின் இருப்பது அங்குலம். அவன் சொன்னது அங்கே சரி, என் கரும்பலகையில் தவறு. இருவரையும் சமாதானம் செய்ய ஒரு மாலை போனது.

இதற்கு நல்ல மருந்து நாளிதழில் வரும் அணை நீர்மட்டம். பேச்சிப்பாறையின் முழு அளவு 48 அடி, பெருஞ்சாணியின் முழு அளவு 77 அடி. நீர்மட்டம் 43.25 அடி என்று வந்தால் அது உண்மையான தசமம். 43 அடி 3 அங்குலம். மறுநாள் 43.4 என்று வந்தால் ஏறியதா, இறங்கியதா? எவ்வளவு? மழைக்காலத்தில் வெட்டி ஒட்டச் சொல்லுங்கள். ஒரு வாரக் கணக்கு இலவசமாகக் கிடைக்கும்.

அறிகுறி: 7 சென்ட் நிலத்தை 0.7 ஏக்கர் என்று எழுதுகிறது

நடுவில் உள்ள பூஜ்ஜியம் காணாமல் போகிறது. சோதனை: 7 சென்டையும் 70 சென்டையும் ஏக்கரில் எழுதச் சொல்லுங்கள். இரண்டுக்கும் 0.7 வந்தால் பிள்ளையே திடுக்கிடும். நூறு சென்ட் ஒரு ஏக்கர் என்பது இங்கே திண்ணைப் பேச்சிலேயே காதில் விழுகிறது; வீட்டடி மனை எத்தனை சென்ட் என்று கேட்காத கல்யாணப் பேச்சு உண்டா? கட்ட நோட்டில் பத்துக்குப் பத்து சதுரம் வரைந்து ஏழு கட்டத்துக்கு மட்டும் நிறம் அடிக்க வையுங்கள். ஒரு முழு வரிசைகூட நிரம்பவில்லை, ஆகவே பத்தில் ஒன்றாம் இடத்தில் பூஜ்ஜியம்.

2.5 + 0.75 = 1.00 என்று வருவதும் இதன் தம்பிதான். வலப்பக்கம் ஒட்டி எழுதிக் கூட்டியிருக்கிறது. கட்ட நோட்டில் புள்ளிக்கென்று தனியாக ஒரு கட்டம் ஒதுக்கினால் தீர்ந்தது.

அறிகுறி: 6 ÷ 1/2 = 3

வகுத்தால் குறைய வேண்டும் என்பது முழு எண்ணில் பழகிய நம்பிக்கை. "6 கிலோ மார்த்தாண்டம் தேனை அரை கிலோ பாட்டிலில் ஊற்றினால் எத்தனை பாட்டில்?" என்று கேளுங்கள். 12 என்று சொன்னால், அதைத்தான் 6 ÷ 1/2 என்று எழுதுகிறோம் என்று காட்டிவிடுங்கள். பாதியாக்குவது வேறு, அரையரையாக எடுப்பது வேறு. தலைகீழாக்கிப் பெருக்கும் வித்தையை இதற்கு முன்பே சொல்லிக்கொடுத்திருந்தால் கொஞ்ச நாள் மறக்கச் சொல்லுங்கள்.

அறிகுறி: "மூன்றரை பஸ் வேண்டும்"

175 பிள்ளைகள் திற்பரப்பு அருவிக்குப் போகிறார்கள், ஒரு பஸ்ஸில் 50 இருக்கை. 3.5 சரி, விடை 4. அந்த அரை பஸ்ஸில் யார் ஏறுவார்கள் என்று கேளுங்கள், போதும்.

எப்போது அடுத்தவரிடம் போக வேண்டும்

கரும்பலகையிலிருந்து எழுதும்போது மட்டும் 3.5 என்பது 35 ஆகிறது, நோட்டிலிருந்து நோட்டுக்கு எழுதும்போது சரியாக வருகிறது என்றால், கணக்கு வாத்தியாரை விட்டுவிட்டுக் கண் மருத்துவரிடம் போங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே பார்க்கலாம். புள்ளி தெரியாத பிள்ளைக்குத் தசமம் சொல்லிக்கொடுத்து நான் இரண்டு மாதம் வீணாக்கியிருக்கிறேன்.

ஐந்தாம் வகுப்பிலும் 8-உம் 5-உம் கூட்ட விரல் வேண்டும், கடிகாரம் பார்க்க வரவில்லை, எண்கள் இடம் மாறுகின்றன, எதைக் குவித்து வைத்தாலும் ஏறத்தாழ எத்தனை என்று சொல்ல முடியவில்லை என்ற நிலை மூன்று நான்கு மாதப் பயிற்சிக்குப் பிறகும் தொடர்ந்தால், அது பின்னத்தின் பழுது அல்ல. கணிதக் கற்றல் குறைபாடாக இருக்கலாம். இருக்கிறது என்று நீங்களோ நானோ முடிவு கட்டக் கூடாது. பள்ளித் தலைமையாசிரியரிடம் சொல்லி, வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். கதையைப் படிக்கவே திணறும் பிள்ளைக்கும் அதே வழிதான்.

போகும்போது மதிப்பெண் பட்டியலை எடுத்துப் போகாதீர்கள். பேனாவில் எழுதிய அந்தக் கட்ட நோட்டை, தவறுகள் அடிபடாமல், அப்படியே கொண்டுபோங்கள். ஒவ்வொரு தவறுக்கும் பக்கத்தில் "எப்படி வந்தது?" என்று கேட்டபோது பிள்ளை சொன்ன பதிலையும் எழுதி வைத்திருந்தால், அவர்களுக்குப் பாதி வேலை மிச்சம்.